நாற்பதாவது விமானம்

வீட்டுச் சாமான்கள் எல்லாம் வாசலில் நின்ற லாரியில் ஏறிவிட்டன. மிச்சம் ஒரு மேசை, மேசைமேல் ஒரு பழைய கம்ப்யூட்டர், அதன்முன் கண்ணாடிக்கடைக்காரர்.

"இறங்கியாச்சா?" என்றாள் மனைவி.

"இன்னும் இல்ல."

"ஆறு மணிக்குப் பத்து நிமிஷம்னு சொன்னீங்க. இப்ப மணி ஒன்பது."

"குண்டு போட்டாச்சு. அதெல்லாம் முடிஞ்சுது. இறங்குறது ஒண்ணுதான் பாக்கி."

திரையில் ஒரு போர் விமானம் பறந்துகொண்டிருந்தது. முப்பது வருஷத்துக்கு முந்தைய விளையாட்டு. மலை என்றால் முக்கோணம். கடல் என்றால் நீலம். வானமும் அதே நீலம். எது மேலே, எது கீழே என்பதைத் திரையோரத்து முள்ளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மொத்தம் நாற்பது போர்ப்பயணங்கள். மூன்று வருஷத்தில் முப்பத்தொன்பதை முடித்திருந்தார். விமானி செத்தால் எல்லாம் அழிந்துபோகும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவர் வாழ்க்கையில் எதையும் முழுசாக முடித்ததில்லை. தபால்வழிப் பட்டப்படிப்பு இரண்டாம் வருஷத்தோடு நின்றது. நீச்சல் மிதப்பதோடு நின்றது. அவர் செய்யத் தொடங்கிய புத்தக அலமாரி இன்னும் ஏழு பலகைகளாகவே இருந்தது. இப்போதும் லாரியில் பலகையாகவே ஏறியிருந்தது. இந்த ஒன்றையாவது முடித்துவிட வேண்டும் என்று இருந்தார்.

சிக்கல் என்னவென்றால், அவருக்கு இறங்கத் தெரியாது. முப்பத்தொன்பது தடவையும் சொந்த எல்லைக்குள் வந்ததும் பாராசூட்டில் குதித்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் ராணுவம் புது விமானம் கொடுத்தது. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. இன்று காலை கிளம்பும்போது மட்டும் திரையில் ஒரு வரி வந்தது: 'இதுவே கடைசி விமானம். திருப்பிக் கொண்டுவரவும்.'

கையேட்டில் இறங்குவதைப் பற்றி இருந்ததும் ஒரு வரிதான்: 'ஓடுபாதையில் மெதுவாக இறங்கவும்.'

நிறுத்திவைக்கும் பொத்தான் கிடையாது. சண்டையை யார் நிறுத்திவைப்பார்கள் என்று விளையாட்டைச் செய்தவர் நினைத்திருக்கலாம். எண்ணெய் தீர்ந்தால் இன்னொரு விமானம் வந்து நடுவானில் நிரப்பிவிட்டுப் போகும். அந்த வசதி இருந்ததுதான் வினை. மூன்று மணி நேரமாக வட்டமடித்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் பிடி. முகம் கழுவிட்டு வந்துடறேன்."

"எனக்கு இதெல்லாம் தெரியாது."

"ஒண்ணுமே பண்ண வேணாம். சும்மா பிடிச்சிரு."

மனைவி ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தாள். அவர் முகம் துடைத்துக்கொண்டு வந்தபோது திரையில் நிலமே இல்லை.

"எங்க வந்திருக்க?"

"நேராத்தான் வந்தேன். நீங்கதான் சும்மா பிடின்னு சொன்னீங்க."

"அது எதிரி நாட்டுக் கடல்."

"போர்டு எதுவும் இல்லையே."

மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதன் முன்னால் உட்கார்ந்தாலும் பின்பார்வைக் கண்ணாடி சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை மேலே பார்ப்பார். இப்போதும் பார்த்தார்.

"விடுங்க மாப்பிள்ளை. நான் கொண்டுவர்றேன்."

எதிரே ஒரு எதிரி விமானம் வந்தது. மாமனார் இடதுபுறம் ஒதுங்கி வழிவிட்டார். அது சுடாமல் கடந்துபோயிற்று.

"சுட்டிருக்கணும் மாமா."

"எதுக்கு? அவன் அவசரம் அவனுக்கு."

ஓடுபாதை தெரிந்தது. மாமனாருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. வேகத்தைக் குறைத்தார். ஸ்டாப்பில் நிறுத்துவதுபோல ஓரமாகக் கொண்டுபோனார். அபாய மணி அடித்தது.

"யாரோ பெல் அடிக்கிறாங்க," என்றார் மாமனார், இன்னும் வேகத்தைக் குறைத்தபடி.

கடைக்காரர் பாய்ந்து பிடுங்கி விமானத்தை மேலே இழுத்தார். ஒரு முக்கோணத்தின் நுனி கீழே உரசிக்கொண்டு போயிற்று.

இந்த விளையாட்டுக்காரர்களுக்கு இணையத்தில் ஒரு குழு இருந்தது. மொத்தம் பதினேழு பேர். அதில் நாற்பதாவது பயணம் வரை போனவர் ஒருவர்தான். 'கழுகு' என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் அவருக்கு எழுதும்போது 'ஐயா' போட்டுத்தான் எழுதுவார்கள்.

கடைக்காரருக்குக் கை ஒழியவில்லை. மனைவிதான் போனில் தட்டினாள்.

"என்னன்னு எழுத?"

"நாற்பதுல இருக்கேன், இறங்குறது எப்படின்னு கேளு."

உடனே பதில் வந்தது. 'போனில் சொல்கிற விஷயம் இல்லை. நேரில் வருகிறேன். அதுவரை யாராவது பிடித்துக்கொண்டே இருக்கட்டும்.'

மனைவி புது வீட்டு முகவரியை அனுப்பினாள்.

சுமை தூக்கும் மேஸ்திரி உள்ளே வந்தார். "சார், மேசையைத் தூக்கணும்."

"தூக்குங்க. ஆனா ஆஃப் பண்ணக்கூடாது."

மேஸ்திரி கம்ப்யூட்டரைப் பார்த்தார், கடைக்காரரைப் பார்த்தார், பிறகு மாமனாரைப் பார்த்தார். வீட்டுக்கு ஒரு பெரியவர் இருப்பார் என்ற நம்பிக்கையில்.

மாமனார் கணக்குப் போட்டுச் சொன்னார். மேசைக்கு அடியில் இருக்கும் யூ.பி.எஸ். பத்து நிமிஷம் தாங்கும். வீட்டு இன்வெர்ட்டர் ஏற்கெனவே லாரியில் இருக்கிறது. பத்து நிமிஷத்துக்குள் மூன்று மாடி இறங்கி லாரியில் மாட்டிவிட்டால் போதும்.

நான்கு பேர் மேசையைத் தூக்கினார்கள். கடைக்காரர் ஜாய்ஸ்டிக்கோடு பக்கவாட்டில் நடந்தார். முதல் திருப்பத்தில் மேசை இடதுபுறம் திரும்பியது. அவர் கையும் இடதுபுறம் போயிற்று. விமானம் தலைகீழானது.

"தலைகீழாப் போவுது மாப்பிள்ளை."

"தெரியுது மாமா. மேல, மேல, இன்னும் மேல."

தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுதான். நான்கு பேரும் மேசையைத் தலைக்குமேல் தூக்கிவிட்டார்கள். திரை கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

"இறக்குங்க," என்று கத்தினார்.

"எதை?" என்றார் மேஸ்திரி.

இரண்டாம் மாடிக்காரர் கதவைத் திறந்து பார்த்தார். மாமனார் அவரிடம், "ஒண்ணுமில்லீங்க, வீடு மாத்துறோம்," என்றார். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒன்பதாவது நிமிஷத்தில் இன்வெர்ட்டரில் மாட்டினார்கள். பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே மேசை நின்றது. லாரி கிளம்பியது. ரோட்டின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் விமானம் ஒருமுறை குதித்தது. கடைக்காரர் கையில் வலி பிடித்துக்கொண்டது. மாமனாரிடம் கொடுக்க பயம்; அவருக்கு இன்னும் ஸ்டாப் ஞாபகம் போகவில்லை. மனைவி முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, பேசமாட்டேன் என்று சொல்லியிருந்தாள்.

"என்கிட்ட குடுங்க," என்றார் மாமியார், மெத்தைச் சுருளின்மேலிருந்து.

மாமியார் பிடித்ததும் விமானம் அசையவே இல்லை. முள் ஒரே இடத்தில் நின்றது. முப்பத்தொன்பது பயணத்திலும் கடைக்காரர் அவ்வளவு சீராகப் பறந்ததில்லை.

"அத்தை, எப்படி இப்படி ஓட்டுறீங்க?"

மாமியார் தூங்கிவிட்டிருந்தார்.

அவரை எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. லாரியைப் போலீஸ்காரர் நிறுத்தியபோதுதான் கண்விழித்தார். சாமான் வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது என்று சொல்லத்தான் போலீஸ்காரர் பின்னால் ஏறினார். திரையைப் பார்த்ததும் சொல்ல வந்ததை மறந்துவிட்டார்.

"இது ஓடிக்கிட்டிருக்கா?"

"ஆமா சார். இறக்க முடியல," என்றார் கடைக்காரர்.

"யார் ஓட்டுறது?"

மாமனார் பழக்கத்தில் பையிலிருந்து லைசென்ஸை எடுத்து நீட்டினார். போலீஸ்காரர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"கனரக வாகனம்னு போட்டிருக்கு," என்றார். "சரி, போங்க. பாத்து ஓட்டுங்க."

புது வீட்டில் மேசையை எங்கே போடுவது என்று கேட்க நேரமில்லை. முதலில் தென்பட்ட பிளக் பாயின்ட் சமையலறையில் இருந்தது. அங்கேயே போட்டார்கள். அடுப்பு கூடத்துக்குப் போயிற்று. மெத்தை குளியலறை வாசலில் கிடந்தது. சுமை தூக்கியவர்கள் கூலி வாங்கிய பிறகும் போகாமல் நின்று பார்த்தார்கள். மேஸ்திரி ஒருமுறை பிடித்துக்கூடப் பார்த்தார். பரவாயில்லாமல் ஓட்டினார்.

மனைவி சமையலறைக்குள் வந்தாள். கை பிளக்கின்மேல் இருந்தது.

"மூணு மணி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள அது தரைக்கு வரணும். இல்லன்னா நானே கொண்டுவந்துடுவேன்."

"கழுகு வர்றேன்னு சொல்லியிருக்கார்."

"காக்கா வந்தாலும் சரி. மூணு மணி."

"மூணு வருஷம்மா. இது ஒண்ணையாவது முடிச்சேன்னு இருக்கட்டும்."

அவர் குரல் அப்படி இறங்கி அவள் கேட்டதில்லை. கையைப் பிளக்கிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் இழுக்கவும் இல்லை.

மூன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஒல்லியாக ஒருவர் நின்றார். ஐம்பது வயது இருக்கும். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். வலது கை, எதையோ பிடித்திருப்பதுபோல லேசாக வளைந்தே இருந்தது.

"நான்தான் கழுகு. ரொம்ப நேரம் இருக்க முடியாது."

நேராகச் சமையலறைக்குப் போனார். திரையை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்போது பிடித்துக்கொண்டிருந்த மாமியாரின் முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை வைத்தார். நாற்காலியை அரை அடி முன்னால் தள்ளினார். மாமனாரைத் தனியே கூப்பிட்டு, எத்தனை மணிக்குத் தூக்கம் வரும் என்று விசாரித்தார். மேஸ்திரியிடம், வாரத்தில் எந்த நாள் வேலை இருக்காது என்று கேட்டார். எல்லாவற்றையும் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார்.

கடைக்காரர் கைகட்டி நின்றார். தெரிந்தவர் தெரிந்தவர்தான்.

கழுகு பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தார். கோடு போட்ட கட்டங்கள். மேலே கிழமைகள், ஓரத்தில் மணிகள்.

"இதுலதான் இறங்குற வழி இருக்கா?" என்றாள் மனைவி.

"எனக்கு இதைச் சரியாப் போட ரெண்டு வருஷம் ஆச்சு. நீங்க அப்படியே பாத்து எழுதிக்கலாம்."

"அதிருக்கட்டும் ஐயா," என்றார் கடைக்காரர். "உங்க பிளேனை நீங்க எப்படி இறக்குனீங்க?"

கழுகு கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் செருப்பை மாட்டினார்.

"நான் ஏறி ஒன்பது வருஷம் ஆச்சு சார். இப்ப எங்க சம்பந்தி பிடிச்சிட்டிருக்கார், நாலு மணியிலேருந்து என் முறை."