பாட்டில் சத்தம் குறைவு

உலக இசைக்குத் தீர்ப்பு எழுதும் தகுதி யாருக்கு உண்டு என்று கேட்டால், நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இயங்கும் ‘அகில உலக பாய்லர் ரசிகர் பேரவை’க்கு மட்டுமே என்று தயங்காமல் சொல்லலாம். உறுப்பினர்கள் பதினொரு பேர். பதினொருவரும் ஆறுச்சாமியின் பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவர்கள். தலைவர் முனீஸ், சாத்தூர்ப் பக்கமிருந்து வந்து பதினெட்டு வருடமாக ஒரே மெஷினைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்.

‘பாய்லர்’ உள்ளூர் மெட்டல் இசைக் குழு. மூன்று கிட்டார், ஒரு டிரம்ஸ், ஓர் அலறல். அலறலுக்குப் பொறுப்பு தங்கதுரை. நான்கு வருடம் முனீஸுக்குப் பக்கத்து மெஷினில் நின்றுவிட்டு, போன தீபாவளியோடு வேலையை விட்டவன். பேரவை இந்தக் குழுவைத் தேர்ந்தெடுத்ததற்கு ஆழ்ந்த இசைக் காரணம் உண்டு. இருபது மெஷின் ஓடும் கூடத்தில் செல்போனில் போட்டால் கேட்கிற பாட்டு அது ஒன்றுதான். கானா, குத்துப்பாட்டு, பக்திப்பாடல் எல்லாம் அங்கே முறையாகச் சோதிக்கப்பட்டுத் தோற்றவை.

அப்பேர்ப்பட்ட குழு சென்ற மாதம் ‘மெதுவாப் பேசு’ என்றொரு பாட்டை வெளியிட்டது. அலறல் இல்லை. முனீஸுக்கு ரத்தம் கொதித்தது. ஒரு வருடமாகவே உலகம் மென்மைக்கு மாறிவருவதை அவர் கவலையோடு கவனித்து வந்தார். மனைவி சித்ராதேவி வாய்க்குள்ளேயே பேசுகிறாள். டவுன் பஸ்காரன் ஹாரனைக் குறைத்துவிட்டான். டி.வி.யில் சத்தத்தை அறுபதுக்கு வைத்தால்தான் செய்தி கேட்கிறது. காம்பவுண்டில் மற்ற ஐந்து வீட்டுக்காரர்கள் தங்கள் டி.வி.யைப் போடாமலே அதே செய்தியைக் கேட்டுக்கொள்கிறார்கள். இப்போது பாய்லரும் விலைபோய்விட்டது. அதுவும் போனால் அவருக்குக் கேட்க வேறு பாட்டே இல்லை.

மெஷின்கள் ஓடாத ஞாயிற்றுக்கிழமை காலையில், கம்பெனி கேன்டீனில் ‘அவசரப் பொதுக்குழு’ கூடியது. குறிப்பெழுத எச்.ஆர். அதிகாரி நித்யஸ்ரீ வந்திருந்தாள். தொழிலாளர் கலை வளர்ச்சிக்கு ஆதாரமாக ஒரு போட்டோ, வெளிநாட்டு வியாபாரிகளின் தொழிலாளர் நல ஆடிட்டுக்குத் தேவைப்பட்டது. அவளுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் காதடைப்பான்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. கம்பெனியின் பெருமை அந்த அலமாரி. வெளிநாட்டு ஆடிட்டர் வரும் நாளில் காலையில் ஆளுக்கு ஒரு ஜோடி கொடுத்து, அவர் கார் ஏறியதும் திரும்ப வாங்கித் துடைத்துப் பூட்டிவிடுவார்கள். இத்தனை வருடத்தில் ஒரு ஜோடிகூடத் தொலைந்ததில்லை.

குற்றவாளி தங்கதுரையும் ஆஜராகியிருந்தான். கேன்டீனில் வேலை செய்யும் சித்ராதேவி அவனுக்கும் டீ கொடுத்தாள். பாட்டு போடப்பட்டது. கருத்துகள் குவிந்தன, எல்லாம் துணிக்கணக்கில்.

“ஜி.எஸ்.எம். பத்தல, துணிக்கு எடையே இல்ல. பிடிச்சுப் பாத்தா கையில ஒண்ணுமே நிக்கல” என்றார் அழகுமலை.

“சாஃப்ட்னர் ஜாஸ்தி. ஒருக்கா தொவைச்சா பாட்டே இருக்காது” என்றார் சீனிச்சாமி.

தலைவர் எழுந்தார். “மொத நிமிஷம் கிட்டார் வருது, ஒத்துக்கிறேன். கடேசில டிரம்ஸ் வருது, அதையும் ஒத்துக்கிறேன். நடுவுல மூணு நிமிஷம் வெறும் காலி. ஏம்ப்பா துரை, பாட்டு எங்கிட்டுப் போச்சு? நாங்க என்ன கேணப்பயலுகளா?”

பாட்டைக் கண்டிக்கும் தீர்மானத்துக்கு ஆதரவாகப் பதினொரு கைகள் உயர்ந்தன. நித்யஸ்ரீ பேனாவை நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“காலி இல்லீங்களே. அங்கதானுங்க அவரு பாடறாரு.”

“எங்க?”

“அந்த மூணு நிமிஷமும் பாட்டுத்தானுங்க.”

சித்ராதேவி முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “உங்க பேரச் சொல்லித்தாங்க துரை பாடுது” என்றாள்.

“என்னது?” என்றார் முனீஸ். வழக்கம்போல அவள் வாய்க்குள் பேசிவிட்டாள்.

தங்கதுரை எழுந்து வந்து அவருக்கு நேர் எதிரே நின்றான். செல்போன் இல்லாமல் தானே பாடினான். முனீஸ் அவன் உதட்டைப் பார்த்தார். மெஷின் கூடத்தில் யாரும் காதை நம்பிப் பேசுவதில்லை. நூல் அறுந்ததும் டீ வந்ததும் உதட்டில்தான் தெரியும், திட்டுவதும் அப்படியே. அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார்.

‘முனீஸண்ணா, உங்க புள்ள கூப்பிடறா. மெதுவாத்தான் கூப்பிடுவா. திரும்பிப் பாருங்ணா.’

நல்ல வரிகள்தான் என்று தலையாட்டினார். அப்புறம்தான் சுற்றிலும் பார்த்தார். ஒரு மெஷினும் ஓடவில்லை. ஏழு வயது மகள் ஆஷா தன்னை அப்பா என்று கூப்பிடுவதையே விட்டுவிட்டாள் என்று ஒரு வருடமாக மனத்தாங்கலில் இருந்தவர் அவர்.

“துரை, இப்ப நீ சத்தமாவா பாடுன?”

“ஆமாங்ணா. எனக்கும் காது இப்படித்தானுங்ணா போக ஆரம்பிச்சுது. போனது போனதுதான், இருக்கறதக் காப்பாத்திக்கோன்னு டாக்டர் சொல்லிப்போட்டாருங்க. அதான் வேலைய உட்டேன். கத்தறதையும் உட்டேன்.”

பேரவை மொத்தமும் அவன் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

முனீஸ் நித்யஸ்ரீ பக்கம் திரும்பினார். “எழுதும்மா. பாட்டுல குறை ஒண்ணுமில்ல. எங்களுக்குத்தான் காது கேக்கல. அந்த அலமாரியத் தெறந்து, ஆளுக்கொரு ஜோடி தெனமும் குடுக்கச் சொல்லு.”

அவள் எழுதினாள். பதினொருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

திங்கட்கிழமை முதலாளி ஆறுச்சாமி அந்தக் காகிதத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தார். தொழிலாளிகள் என்றால் அவருக்கு உயிர்.

“பாட்டு கேக்கலீன்னு எழுதியிருக்கறாங்களா கண்ணு? அடப் பாவமே.”

“காதடைப்பானுங்களும் கேட்டிருக்கறாங்க” என்றாள் நித்யஸ்ரீ.

“அது ஆடிட்டுக்குக் கண்ணு” என்று அலமாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே கூடத்தின் நான்கு மூலையிலும் ஆளுயர ஸ்பீக்கர் வந்து இறங்கியது. நாடா வெட்டினார்கள், கேசரி கொடுத்தார்கள். ‘கோரிக்கை முழுமையாக நிறைவேற்றப்பட்டது’ என்று கோப்பு மூடப்பட்டது. ‘மெதுவாப் பேசு’ இப்போது இருபது மெஷினையும் மிஞ்சிக் கேட்கிறது, முனீஸுக்கே கேட்கிறது. அந்த அதிர்வில் பக்கத்துக் கேன்டீனில் அலமாரிக் கண்ணாடி கடகடவென்று ஆட ஆரம்பித்தது. நிர்வாகம் ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. உடனே ஆள் விட்டு, அலமாரியைச் சுற்றிப் பஞ்சு வைத்து அடைத்துவிட்டார்கள்.