இருமலுக்கு ஒரு நுள்ளு உப்பு

நாற்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்திய ஒருத்தி வாய்விட்டுச் சொல்லக் கூடாத வசனம் ஒன்று உண்டு. நான் சொல்லிவிடுகிறேன்: எனக்குச் சமைக்கத் தெரியாது. அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. (கேட்கிறவர்கள் "சும்மா பகிடி விடாதையுங்கோ" என்பார்கள். பகிடியில்லை. நான் அவித்த பிட்டை எங்கள் வளவுக் காகம் ஒருமுறை கொத்திப் பார்த்துவிட்டுப் போனது. பிறகு கனநாள் அந்தப் பக்கமே வரவில்லை.)

சின்ன வயதிலிருந்தே விடுதியில் நின்று படித்தவள் நான். அங்கே மணி அடித்தால் சாப்பாடு வரும். சோறு எந்தப் பக்கமாக வருகிறது என்று நான் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. ஆசிரியப் பயிற்சி முடித்து, இணுவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கத் தொடங்கிய கையோடு கலியாணமும் நடந்தது. ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. மாப்பிள்ளை கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்து, யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் வாங்கி வந்தவர். (அவரை நான் 'இவர்' என்றுதான் சொல்வேன். புருஷன் பெயரைச் சொல்லிப் பழக்கமில்லை.)

அந்தக் காலத்தில் கொழும்புக்கு உத்தியோகம் பார்க்கப் போன எங்கள் இளந்தாரிகள் ஏழெட்டுப் பேராகச் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, முறை வைத்துச் சமைத்துச் சாப்பிடுவார்கள். அதற்குச் 'சமறி' என்று பெயர். இவர் அந்தச் சமறியில் கைதேர்ந்தவர். இவருடைய முறை வருகிற நாளில் பக்கத்துச் சமறிக்காரர்களும் ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டு வந்துவிடுவார்களாம்.

புதுக்குடித்தனத்தில் நான் வைத்த முதல் சோற்றை இவர் அகப்பையால் குத்திப் பார்த்தார். அகப்பை நிமிர்ந்து நின்றது.

"இஞ்சேர், நீர் இனிக் குசினிப் பக்கம் வராதையும். நான் பாக்கிறன்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் ஒப்பந்தம் அதுதான். தண்ணீர் அள்ளுவது, தேங்காய் திருவுவது, அடுப்பு மூட்டுவது, சட்டி பானை கழுவுவது எல்லாம் நான். சமையல் இவர். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தேங்காய்ப்பாலில் ஒரு சொதி வைக்க ஆறு சட்டி எடுக்கிற மனுஷனுக்குப் பின்னால் நின்று கழுவிப் பார்த்தால் தெரியும்! போதாததற்கு அதிகாரம் வேறு. "தேங்காய்ப்பூ கரடுமுரடாய்க் கிடக்கு." "பாலை வடிவாய்ப் பிழியும்." எனக்குக் கோபம் எப்போதும் மூக்குநுனியில் இருக்கும். ஒருநாள் திருவின பாதித் தேங்காயை அப்படியே இவர் மடியில் போட்டுவிட்டு, "மிச்சத்தை உங்கடை கந்தோரிலை குடுத்துத் திருவுவியுங்கோ" என்று எழும்பிப் போய்விட்டேன்.

இதெல்லாம் நாலு சுவருக்குள். வெளியே ஒரு குஞ்சுக்கும் தெரியாது. 'வாத்தியாரம்மாவுக்குப் புருஷன் சமைச்சுப் போடுறானாம்' என்று கிணற்றடியில் ஒரு வாய் சொல்லிவிட்டால் இவர் சால்வை போட்டுக்கொண்டு தெருவில் இறங்க முடியுமா?

இவருடைய தாய், என் மாமி, அளவெட்டியில் இருந்தார். மாதத்தில் ஒருநாள் மத்தியான நேரம் பார்த்து வருவார். அதற்குள் சமையல் முடிந்திருக்கும். மாமி இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "என்ரை மருமேளின்ரை கைப்பக்குவம் ஆருக்கு வரும்?" என்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். மாமியின் வாயால் என் சொதியின் புகழ் அளவெட்டி முழுக்கப் பரவியது.

வினை அங்கேதான் தொடங்கியது.

இவருடைய தங்கச்சி பவளத்துக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை தொண்டைமானாற்றுப் பக்கம், கொழும்பில் உத்தியோகம். பொருத்தம் பார்த்து, சீதனம் பேசி, எல்லாம் சரி. மாப்பிள்ளையின் தாய் தகப்பன் வந்து பெண் வீட்டில் கைநனைக்க வேண்டியதுதான் மிச்சம். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் மனதுக்குப் பிடிக்காவிட்டால் இலையை மூடிவிட்டு எழும்பிவிடுவார்கள். வயிறாரச் சாப்பிட்டுவிட்டால் பேச்சு மாறமாட்டார்கள். பவளம் அந்தப் பெடியனைக் கோயில் திருவிழாவில் ஒருமுறை கண்டவள். "மச்சாள், இது குழம்பினால் நான் கிணத்துக்கைதான் விழுவன்" என்று என் காதுக்குள் சொன்னாள். பகிடியாகச் சொன்னது போலத்தான் இருந்தது, ஆனால் கண் கலங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்து அளவெட்டி வீட்டைப் பிரித்து வேய்ந்துகொண்டிருந்தார்கள். கூரையில்லாத வீட்டில் எப்படிச் சம்பந்திகளை இருத்துவது? "அதுக்கென்ன, இணுவிலிலை வைப்பம். என்ரை மருமேள் சமைப்பாள்" என்று மாமி சொல்லி அனுப்பிவிட்டார்.

அதுவும் பரவாயில்லை. விடியமுன் இவர் சமைத்து வைத்துவிட்டால் முடிந்தது. ஆனால் முதல்நாள் பின்னேரமே மாமி பவளத்தோடு வண்டிலில் வந்து இறங்கிவிட்டார்.

"தனியக் கிடந்து மாயாதை பிள்ளை. நாளைக்கு நானும் குசினிக்கை கூட நிக்கிறன்."

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். இவர் மட்டும் பதறவில்லை. கிணற்றடியில் என்னைத் தனியாகப் பிடித்து, ஏதோ கந்தோர் அலுவல் பேசுவது போலச் சொன்னார்.

"குசினிக்குப் பின்னாலை வாழைக்குத் தண்ணி கட்டுற மாதிரி நிப்பன். ஓலைக் கிடுகுச் சுவரிலை ஒரு ஓட்டை இருக்கு, எல்லாம் தெரியும். நான் இருமினால் ஒரு நுள்ளு உப்புப் போடும். செருமினால் சட்டியை இறக்கும். அவ்வளவுதான். உதிலை என்ன கஷ்டம்?"

மறுநாள் வெள்ளிக்கிழமை, சைவச் சாப்பாடு. பருப்பு, கத்தரிக்காய்க் கறி, முருங்கைக்காய்க் குழம்பு, கடைசியில் அந்தப் பேர்போன சொதி. மாமி குசினி வாசலில் பலகையைப் போட்டுக் குந்திக்கொண்டு, கீரை ஆய்ந்தபடி என்னைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். பருப்பு கொதித்தது. வெளியே ஓர் இருமல். நான் ஒரு நுள்ளு போட்டேன். கொஞ்சம் பொறுத்து ஒரு செருமல், இறக்கினேன். கத்தரிக்காயும் அப்படியே. குழம்பும் அப்படியே. எனக்குத் தலைகால் தெரியவில்லை. இவ்வளவுதானா சமையல்? இதற்கா இந்த மனுஷன் இத்தனை நாள் என்னை அதிகாரம் பண்ணினார் என்று நினைத்துக்கொண்டேன்.

சொதி கொதிக்கத் தொடங்கியபோது இவர் கிடுகு ஓட்டையில் முகத்தை நன்றாக ஒட்டி, வாயைத் திறந்துகொண்டு பார்த்திருக்கிறார். வருஷக்கணக்காகப் புகை குடித்த கிடுகு. அதிலிருந்த கரித்தூசி ஒரு கொத்து அப்படியே தொண்டைக்குள் போய்விட்டது.

கொக்கு, கொக்கு, கொக்கு என்று தொடங்கியது இருமல். நிற்கவே இல்லை. நான் சொன்ன சொல் தவறாதவள். இருமலுக்கு ஒரு நுள்ளாகப் போட்டேன். பிறகு இருமல் வேகம் பிடித்தது, நுள்ளிப் போட்டுக் கட்டவில்லை, உப்புச் சிரட்டையைச் சரித்துப் போட்டேன்.

"என்ன பிள்ளை, உவ்வளவு உப்பு?" மாமியின் கண் விரிந்தது.

"சொதிக்கு உப்பிடித்தான் மாமி" என்றேன். (என்ன துணிவு!)

அதே நேரத்தில் படலையைத் திறந்துகொண்டு மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் உள்ளே வந்தார்கள். அவர்கள் முதலில் கண்டது, பெண்ணின் தமையன் வாழைமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண் பிதுங்க, குனிந்து குனிந்து இருமுகிற காட்சியைத்தான்.

இன்று இருமல் என்றால் இருமல். அன்று அப்படியில்லை. காசநோயைக் கசம் என்போம், அந்தச் சொல்லைக் கேட்டாலே சனம் நடுங்கும். ஒரு வீட்டில் ஒருவருக்கு அந்த நோய் என்று கதை பரவினால், அந்த வீட்டுக் குமரை எவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். மாப்பிள்ளையின் தாய் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு இவரைச் சுற்றி எட்ட நடந்து விறாந்தைக்கு வந்தார்.

இலை போட்டாயிற்று. இவர் முகம் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். குசினியில் ஒரு சொட்டுச் சொதியை நக்கிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. நான் சொதிச் சட்டியோடு வாசலுக்கு வந்தேன். கொண்டுவராதே என்று சொல்ல வழியில்லாமல் இவர் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டி, இருமினார்.

நானும் உள்ளே திரும்பிப் போய் இன்னொரு பிடி உப்பைப் போட்டுக்கொண்டு வந்தேன்.

முதல் வாய் சொதிச்சோற்றோடு மாப்பிள்ளையின் தகப்பன் கொஞ்ச நேரம் ஆடாமல் அசையாமல் இருந்தார். தொண்டைமானாற்றுக்காரர், கடல் தண்ணீர் என்ன ருசி என்று அவருக்குத் தெரியும். துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கடைசியில் விழுங்கினார். தாய் இலையை மூடிவிட்டு எழும்பினார்.

"நாங்கள் யோசிச்சுச் சொல்லி அனுப்புறம்" என்றார் தகப்பன்.

அதற்கு என்ன அர்த்தம் என்று அறையில் நின்ற பவளத்துக்குத் தெரியும். விம்முகிற சத்தம் கேட்டது. மாமி படலை வரை அவர்களுக்குப் பின்னால் ஓடினார், நானும் இவரும் மாமிக்குப் பின்னால்.

"என்ன குறை கண்டியள்? சொல்லிப்போட்டுப் போங்கோவன்!"

மாப்பிள்ளையின் தாய் குரலைத் தணித்துச் சொன்னார். "கோவியாதையுங்கோ. எங்களுக்கு இருக்கிறது ஒரே பிள்ளை. உங்கடை மோனுக்கு எவ்வளவு நாளாய் உந்த இருமல்? ஊரிலை ஆருக்கும் சொல்லமாட்டம், ஆனால் கச வீட்டிலை சம்பந்தம் செய்ய ஏலாது."

மாமி படலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்க நெஞ்சு பொறுக்கவில்லை. என் வாய்க்கு எப்போதும் பூட்டு இருந்ததில்லை.

"அவருக்குக் கசமில்லை, அம்மா! அது உப்பு!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒரு மூச்சில் முழுவதையும் கொட்டினேன். சமறி, ஒப்பந்தம், கிடுகு ஓட்டை, நுள்ளு, இருமல், செருமல். மாமியின் முகம் சிவந்தது, வெளுத்தது, பிறகு நிறமே இல்லாமல் போனது. இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாப்பிள்ளையின் தாய் நம்பவில்லை. "கச வருத்தத்தை மறைக்க உப்பிடியும் ஒரு கதையோ? ஆம்பிளை சமைக்கிறானாம்!"

இவர் நிமிர்ந்தார். சால்வையை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டினார். "வாருங்கோ" என்று சொல்லிக் குசினிக்குள் போனார். அவர்கள் பின்னால் போனார்கள். மாமியும் போனார், நானும் போனேன்.

செத்தல் மிளகாய்ச் சம்பலுக்கு இவர் ஒரு பெரிய கைப்பிடி மிளகாயைச் சட்டியில் போட்டு வறுத்தார். அந்தக் குசினிக்கு ஒரே ஒரு சின்ன யன்னல். கமறல் எழும்பியது. முதலில் மாமி இருமினார். பிறகு நான். மாப்பிள்ளையின் தகப்பன் கண்ணைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினார். மாப்பிள்ளையின் தாய் மட்டும் விட்டுக்கொடுக்காமல் கண்ணீர் வழிய வழிய நின்று இவர் முகத்தையே பார்த்தார். இவர் அடுப்புக்கு மேலே குனிந்து, அகப்பையால் மிளகாயைப் பிரட்டிக்கொண்டு, ஒரு செருமல்கூட இல்லாமல் நின்றார். சமறியில் எட்டுப் பேருக்கு மிளகாய் வறுத்த தொண்டை அது.

இத்தனை இருமலுக்கு நடுவில் என் கை தானாக உப்புச் சிரட்டைக்குப் போனது. இவர் பார்க்காமலே என் கையைப் பிடித்தார்.

"இஞ்சேர், இது வேறை இருமல்."

"காணும் தம்பி, காணும்! இறக்கு சட்டியை!" என்று மாப்பிள்ளையின் தாய் இருமலுக்கும் சிரிப்புக்கும் நடுவில் கத்தினார். அதன் பிறகு யாரால் சிரிப்பை அடக்க முடியும்?

இரண்டாம் தரம் இலை போட்டோம். இவர் வைத்த சொதி, இவர் அரைத்த சம்பல். மாப்பிள்ளையின் தகப்பன் மூன்று தரம் சோறு வாங்கினார். தாய் சாப்பிட்டு முடித்துக் கையை நக்கியபடியே திடீரென்று யோசித்தார்.

"எங்கடை பெடியனும் கொழும்பிலை ஏழெட்டுப் பேரோடைதான் இருக்கிறான். கடைச் சாப்பாடு எண்டல்லோ எனக்குச் சொன்னவன்! கள்ளன்!"

அறைக்குள் இருந்து பவளம் சிரிக்கிற சத்தம் கேட்டது. அடுத்த ஆவணியில் கலியாணம். அவளுக்குச் சமைக்கத் தெரியும், ஆனால் கலியாணமான முதல் வாரத்திலேயே தெரியாது என்று சொல்லிவிட்டாள். கெட்டிக்காரி.

மாமி என்னோடு ஒரு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு ஒருநாள் மத்தியானம் வந்தார், வழக்கம்போல இலைக்கு முன்னால் இருந்தார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, இவரைப் பார்த்து, "தம்பி, இண்டைக்குப் புளி கொஞ்சம் கூட" என்றார். அவ்வளவுதான், அதோடு எல்லாம் தீர்ந்தது.

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் எவராவது இருமினால் இன்னொருவர் "உப்புக் காணாதோ?" என்று கேட்பார். செத்தவீட்டில்கூடக் கேட்டிருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்கு முழுக்கதையும் தெரியாது, ஆனால் தாத்தா இருமினால் உப்புப் போத்தலைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள்.

இப்போது டொக்டர் இவருக்கு உப்பை நிறுத்தச் சொல்லிவிட்டார். வயதும் போய்விட்டது, நெஞ்சில் சளி. மருமகள் உப்பில்லாமல் வைத்த கறியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நேற்று மத்தியானம் பலமாக இருமினார்.

"இஞ்சாருங்கோ, மருந்து எடுக்கட்டோ?"

இவர் மருமகள் நிற்கிற பக்கத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்து, "மருந்தில்லையப்பா, ஒரு நுள்ளு" என்றார்.