செம்பூர் முனையில் இட்லி ஜெனரல்

காலை ஆறு ஐம்பது. செம்பூரில் எங்கள் காலனி வாசலில் முதலில் தெரிந்தது ஒரு பச்சை ஹெல்மெட். அதற்குக் கீழே மீசை, மீசைக்குக் கீழே சைக்கிள், சைக்கிளின் பின்னால் ஒரு அலுமினிய டப்பா நிறைய இட்லி. பம்பாயில் சைக்கிளுக்கு ஹெல்மெட் போட்ட ஒரே மனிதர் அவர்தான். போர்க்கலை பற்றி இந்த நகரத்தில் கருத்துச் சொல்லும் தகுதி உள்ள ஒரே மனிதரும் அவர்தான் என்பேன். ராணுவத்தில் இருந்தவர்கள் மன்னிக்க வேண்டும். அவர்கள் யாரும் கொட்டும் மழையில் மாடி மாடியாக மெதுவடை விற்றதில்லை.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியிலிருந்து வருவார். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. அவர் மனைவி பேச்சியம்மாளே அவரை ஜெனரல் என்றுதான் கூப்பிட்டாள்.

நான் ஒரு நாளிதழில் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் வேலை பார்க்கிறேன். அதாவது ஏ.சி. அறையில் உட்கார்ந்து அடுத்தவர் எழுதியதைச் சுருக்குகிறேன். ஜெனரலைப் பொறுத்தவரை நான் போர்முனையிலிருந்து நேராக வந்து இறங்கியவன்.

"சார், நேத்து எத்தன டேங்க் போச்சு?"

"பதினாலுன்னு சொல்றாங்க."

"பின்னால டீசல் லாரி வந்துச்சா?"

"அது தெரியல."

"பாத்தியளா! அத மட்டும் போட மாட்டிய. டீசல் வரலேன்னா டேங்கு வெறும் இரும்பு பீரோல்லா?"

எதிர்க்கட்சி இரண்டாம் மாடி ராஜாமணி மாமா. மாட்டுங்காவிலிருந்து குடிவந்த ஓய்வுபெற்ற இன்ஜினியர். "அதெல்லாம் பழைய கதை ஓய். இது ட்ரோன் காலம். எவன்கிட்ட ஒசத்தி கருவி இருக்கோ, அவன் ஜெயிப்பான்."

"ட்ரோன பறக்க விட ஒரு ஆளு, எங்க விடணும்னு சொல்ல ஒரு ஆளு. ரெண்டாவது ஆளு மண்டு பயலா இருந்தா என்ன செய்விய மாமா?"

"இட்லி ஆறறது. கட்டும்."

இந்த வழக்கு இப்படியே பல வருடம் நடந்திருக்கும். நடுவில் இசக்கி வந்தான்.

இசக்கி, பேச்சியம்மாளின் தம்பி. தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ், இந்தி, மராத்தி மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுவான். மின்சார ஸ்கூட்டர் வாங்கினான். மதியம் வரை ஆவி பறக்க வைக்கும் பெட்டி வாங்கினான். 'கரம் கரம் இட்லி, மேதுவடா' என்று ஒரு பெண் குரல் ஸ்பீக்கரில் இந்தியில் சுடச்சுடக் கெஞ்சியது. நேராக எங்கள் காலனிக்கே வந்து நின்றான்.

இருவருக்கும் இட்லி அவித்துக் கொடுத்தவள் பேச்சியம்மாள். அவளே தீர்ப்பும் சொன்னாள். "ஒரே வாசல்ல ரெண்டு பேரும் நின்னு ஏம் இட்லிய சிரிப்பாச் சிரிக்க வைக்காதிய. எட்டு நாளு பாப்பேன். எவன் டப்பா காலியாத் திரும்புதோ, அவனுக்கு செம்பூரு. மத்தவன் ஐரோலிக்குப் போயி புதுசா வாடிக்க புடிக்கட்டும்."

ஐரோலி கடற்கழியைத் தாண்டி இருக்கிறது. ஜெனரலின் முழங்காலுக்கு அவ்வளவு தூரம் சைக்கிள் மிதிக்கும் உத்தேசம் இல்லை. அங்கே அவருக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. எங்கள் காலனியிலோ எந்த வீட்டில் சர்க்கரை வியாதி, எந்த வீட்டில் பரீட்சை என்பது வரை அவருக்கு அத்துபடி.

ராஜாமணி மாமாவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "எந்த ராணுவ காலேஜ்லயும் இப்படி ஒரு பரிசோதனை பண்ணியிருக்க மாட்டான். அதே மாவு, அதே சட்னி. ஒருத்தன்கிட்ட கருவி, ஒருத்தன்கிட்ட வியூகம்!"

முதல் நாள் ஜெனரல் அரை மணி முன்னதாகவே படையெடுத்தார். பாம் பாம் என்ற அவருடைய ரப்பர் ஹாரன் மொத்தக் காலனியையும் எழுப்பியது. மூன்று ஜன்னல்களிலிருந்து மூன்று மொழிகளில் வசவு விழுந்தது. ஆனால் எழுந்தவர்களுக்குப் பசித்தது. டப்பா காலி.

மறுநாள் மின்னணுப் போர். ஸ்பீக்கர் பெண் 'கரம்' என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் இவர் பாம் பாம் என்று அமுக்கினார்.

"அத்தான், இது நியாயமா?" என்றான் இசக்கி.

"இதுக்குப் பேரு ஜாமிங்கு. சார்ட்ட கேளு."

நான் வெளிநாட்டுச் செய்தி ஆசிரியன் என்ற முறையில் தலையாட்டினேன்.

மூன்றாம் நாள்தான் அந்தப் பெரும் பிழை நடந்தது. காலையில் சி விங் பக்கம் இசக்கியின் ஸ்கூட்டர் வரவே இல்லை. ஜெனரலின் கண்கள் மின்னின. "எதிரி பின்வாங்கிட்டாம் சார்! ஒரு பக்கம் தொறந்து கெடக்கு!" மொத்தச் சரக்கோடும் உள்ளே புகுந்தார். சி விங் முழுக்க மராத்திக் குடும்பங்கள். அன்று ஆஷாடி ஏகாதசி. அரிசியைத் தொட மாட்டார்கள். ஒவ்வொரு கதவும் திறந்தது, ஜவ்வரிசிக் கிச்சடி வாசனை வந்தது, கதவு சாத்திக்கொண்டது.

இசக்கி அதே நேரத்தில் தமிழர்கள் இருக்கும் ஏ விங்கில் கடைசி வடையை விற்றுக்கொண்டிருந்தான்.

"இதுல கருவி எங்க ஜெயிச்சது?" என்று மாமாவைக் கேட்டேன்.

"அவன் போன்ல காலண்டர் இருக்கு ஓய்."

நிறைந்த டப்பாவின் மேல் கையை வைத்தபடி ஜெனரல் சொன்னது இவ்வளவுதான். "உளவுத்துறை காலி."

ஏழு நாள் முடிந்தபோது இருவரும் சமமாக நின்றார்கள். எட்டாம் நாள் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. காலனித் திருப்பத்தில் முழங்கால் ஆழம் தண்ணீர். அதன் நடுவில் இசக்கியின் ஸ்கூட்டர் ஒரு முனகலோடு உயிரை விட்டது. ஸ்பீக்கர் பெண் கடைசியாக 'கர' என்றாள். சிறிது நேரத்தில் பச்சை ஹெல்மெட் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"ஒத்துக்கறேன் ஓய்! வியூகமே ஜெயிச்சது!" மாமா பால்கனியிலிருந்து கத்தினார்.

ஜெனரல் அவரைப் பார்க்கவில்லை. தலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நனைந்து நின்ற இசக்கியைப் பார்த்தார்.

"ஏலே, பொட்டிய கொண்டா."

"வேண்டாம் அத்தான். நீங்க வித்துட்டுப் போங்க."

"களத்துல சரக்க விட்டுட்டுப் போறவன் எவம்ல? கொண்டாங்கேன்!"

தன் டப்பாவின் மேல் அந்தப் பெட்டியை வைத்துக் கட்டினார். வீடு வீடாக ஏறினார். ஒவ்வொரு வாசலிலும் இசக்கியின் பெட்டியைத்தான் திறந்தார்.

ராஜாமணி மாமா பதறிப்போனார். "ஓய், உம்ம டப்பாவத் திறவும்! அது எதிரி சரக்கு!"

"ரெண்டுலயும் பேச்சி அவிச்சதுதான் மாமா. இதுல சூடா இருக்கு. மழைக்குச் சூடா தின்னுங்க."

மாமா மூன்று இட்லி வாங்கினார்.

பெட்டி காலியானபோது காலனியே சாப்பிட்டு முடித்திருந்தது. ஜெனரலின் சொந்த டப்பா கனமாகத்தான் இருந்தது.

"ஜெயிச்சிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"எப்பப் பின்வாங்கணும்னு தெரிஞ்சாத்தான் சார் தளபதி."

"எதுக்குப் பின்வாங்கினீங்க?"

அவர் ஹெல்மெட்டைக் கழற்றித் தண்ணீரை உதறினார். "இசக்கி பொண்டாட்டிக்கு இது எட்டாம் மாசம். ராத்திரி பகல்னு எப்ப வலி எடுக்கும்னு யாருக்குத் தெரியும்? ஐரோலில நிக்கவன் தாராவிக்கு எப்ப வந்து சேருவான்?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "பேச்சிட்ட சொல்லிராதிய. தோத்துட்டேன்னே இருக்கட்டும்."

பேச்சியம்மாள் தீர்ப்பை மாற்றவில்லை. இப்போது எங்கள் காலனிக்கு இசக்கி வருகிறான். இட்லி சூடாக இருக்கிறது. அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ஜெனரல் லோக்கல் ரயிலின் லக்கேஜ் பெட்டியில் ஏறி ஐரோலிக்குப் போகிறார். ஐ.டி. பார்க் வாசலில் கழுத்தில் அட்டை தொங்கும் பிள்ளைகளிடம் டீசல் லாரியைப் பற்றிப் பேசுகிறார்.

எனக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமைகளில் நான் ஐரோலியில் இட்லி சாப்பிடுகிறேன்.