கடுகண்ணனின் பந்தயக் கார்

நாமக்கல்லில் பிறந்த வண்டிகளிலேயே டீசல் குடிக்காத, டயர் வெடிக்காத, டிரைவர் படி கேட்காத வண்டிகள் கடுகண்ணனுடையவை மட்டும்தான். சத்தியமாகச் சொல்கிறேன். எல்லாமே உள்ளங்கை நீளப் பந்தயக் கார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் அவரும் ஒரு லாரி ஆபீசில் குமாஸ்தாக்கள். சிங்கப்பூரிலிருந்து வரும் அவருடைய மச்சான் மற்றவர்களுக்கெல்லாம் சென்ட், சேலை கொண்டு வருவார். இவருக்கு மட்டும் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே துண்டு துண்டாகப் பிளாஸ்டிக் கார், கூடவே ஜப்பான் மொழியில் ஒரு செய்முறைத் தாள்.

"இதைப் படிக்கத் தெரியுமாண்ணா?"

"நீ அடிக்கற பில்ல மட்டும் ஆராச்சும் படிக்கறாங்களா சாமி? படத்தப் பாத்தாப் போதும்."

நகவெட்டியால் துண்டுகளைக் கத்தரிப்பார். மிஞ்சிய பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்தியில் காட்டி இழுத்தால் தலைமுடி மாதிரி நீளும், அதுதான் ஏரியல். தீர்ந்துபோன ரீஃபில்தான் புகைக்குழாய். அதோடு விட்டாரா? நம்மூர் வண்டி மொட்டையாகப் போனால் மானம் போய்விடுமாம். பானெட்டில் மஞ்சளும் பச்சையுமாகப் பூவேலை, பின்னால் எறும்பு படிக்கிற அளவில் 'ஹாரன் அடி'. உள்ளே இருந்த வெள்ளைக்கார டிரைவருக்கு மீசை வைத்து, தோளில் துண்டும் போட்டுவிட்டார்.

"ஹெல்மெட் எங்கண்ணா?"

"மடீல வெச்சிருக்கறான். போலீசக் கண்டா மாட்டிக்குவான்."

வண்டி முடிந்ததும் பூசை. லாரிக்கு எலுமிச்சம்பழம் என்றால் இந்த அளவு காருக்கு என்ன? நாலு சக்கரத்துக்கும் நாலு கடுகு. பிளாஸ்டிக் வண்டிக்கு ஏது கனம்? விரலால் அழுத்துவார், கடுகு நசுங்காமல் ஓடிவிடும். சரக்கு ஏற்ற வந்தவர்கள் உட்பட மொத்த ஆபீசும் தரையில் தவழ்ந்து தேடும். அப்படி வந்த பெயர்தான் கடுகண்ணன்.

முதலாளிக்கு இதெல்லாம் பிடிக்குமா? குடோனுக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில்தான் கார் வேலை. ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"ஏம்ப்பா, ஜவ்வரிசி மூட்டையெல்லாம் பசை நாத்தம் அடிக்குது. மெட்ராசுல பொம்மைக் காருக்குப் போட்டி வெக்கறாங்கன்னியே? ஜெயிச்சுட்டு வா, ரூம வெச்சுக்க. இல்லீனா அத்தனையும் மூட்ட கட்டீரு."

கடுகண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. வீட்டில் ஐந்து வாண்டுகள். அங்கே ஒரு சக்கரத்தைக் கீழே வைத்தால் ஏதாவது ஒன்று விழுங்கிவிடும். அந்த அறை போனால் கார் கட்டுகிற ஜோலியே போச்சு.

மூன்று மாதம் இழைத்து ஒரு சிவப்புக் கார் செய்தார். அடேயப்பா, அந்தப் பளபளப்பில் நான் தலை சீவியிருக்கிறேன்! பஸ் கூட்டத்தில் நசுங்கிவிடும் என்று, மெட்ராசுக்கு லோடு ஏற்றிய டிரைவர் மயில்சாமியிடம் கொடுத்தனுப்பினார். நாங்கள் பஸ்ஸில் போனோம்.

போட்டி மண்டபத்து வாசலில் மயில்சாமி பெட்டியைத் திறந்து காட்டினான். பானெட் முழுக்கச் சந்தனம், கண்ணாடியில் குங்குமம், காரைவிடக் கனமான எலுமிச்சம்பழமும் மிளகாயும் முன்னால் தொங்கின.

"ஆத்தூரு தாண்டி ரோட்டோரக் கோயில்ல நிறுத்துனனுங்க. மொத ஓட்டமல்லங்க? வெறும் நெத்தியோட எப்படிங்க பட்டணத்துக்குக் கூட்டியாரது?"

நான் கைக்குட்டையை எடுத்தேன். கடுகண்ணன் என் கையைப் பிடித்தார். மயில்சாமியின் முகத்தையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தொடைக்காத சாமி. ஆசையா வெச்சிருக்கறான்." எலுமிச்சம்பழத்தை மட்டும் அவிழ்த்தார். "இது ஒண்ணுதான் அளவு தப்பு."

நடுவர்கள் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். ஆறுதல் பரிசுகூட இல்லை. திரும்பும் வழியெல்லாம் பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை மனுஷன்.

மறுநாள் காலையில் அவர் சாமான்களை மூட்டை கட்ட ஆரம்பித்தார். முதலாளி வந்து நின்றார்.

"பரிசு?"

"இல்லீங்க."

முதலாளியின் கண் காரில் பட்டது. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. சட்டென்று செருப்பைக் கழற்றினார்.

"ஏனப்பா, பூசை போட்ட வண்டியா இது?"

"ஆமாங்க. மயில்சாமி போட்டானுங்க."

"அட கெரகமே! பூசை போட்ட வண்டிய வெளிய தள்ளுனா என்ற லாரிக எப்படிய்யா ஓடும்? எடுத்து வெச்சதையெல்லாம் மறுக்கா எறக்கு!"

அதோடு விட்டாரா? அடுத்து வந்த ஆயுத பூசைக்கு அந்தச் சிவப்புக் காரை லாரிகளுக்கு முன்னால் நிறுத்தச் சொன்னார். நாலு சக்கரத்துக்கும் கடுகு வைத்தார்கள். ஒன்று ஓடிவிட்டது. தரையில் தவழ்ந்து தேடியவர்களில் முதலாளியும் ஒருவர்.

கடுகண்ணன் இப்போது இல்லை. போன மாதம் என் மகன் கார் வாங்கினான். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு எல்லாரும் கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சட்டைப்பையிலிருந்து ஒரு கடுகை எடுத்து, பழத்துக்குப் பக்கத்தில் ஓடிவிடாமல் விரலால் அமுக்கி வைத்தேன்.