பொருத்தம் அறுபத்து மூன்று சதவீதம்

புது லேப்டாப் வாங்கியவர்களிடம் முதல் ஒரு வாரம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. எனக்கு வாங்கியபோது காய்கறிக்காரரிடம்கூட அதன் பிராசஸரைப் பற்றி விளக்கியிருக்கிறேன். (கொத்தமல்லியைச் சும்மாவே கொடுத்து அனுப்பிவைத்தார்.)

அந்த வாரம்தான் என் நாத்தனார் சுமதிக்கு மாமல்லபுரத்தில் கல்யாண வரவேற்பு. பெண்ணும் மாப்பிள்ளையும் கடற்கரையில் எடுத்த படங்களை வீடியோவாக்கி மேடைத் திரையில் ஓட்டுவது என் பொறுப்பு. அன்று காலை சுமதி நலங்குப் படங்களையும் சேர்க்கச் சொன்னாள். சேர்த்தால் கம்ப்யூட்டர் முழு வீடியோவையும் மறுபடி உருவாக்க வேண்டும்.

ஊரப்பாக்கம் வீட்டில் என் கணவர் சேகரின் ஒன்பது வருடப் பழைய டெஸ்க்டாப் இருந்தது. அதிலேயே போடலாம் என்றார். விடுவேனா? ஒரு நிமிடத் துண்டை இரண்டிலும் ஓடவிட்டேன். லேப்டாப் பாதி நேரத்தில் முடித்தது.

"அதுக்குப் பென்ஷன் குடுத்து அனுப்பிடுங்க" என்றேன். அவர் மாலைகளை வாங்கிக்கொண்டு பின்னால் வருவதாக மட்டும் சொன்னார்.

காரில் லேப்டாப்பைப் பட்டுப்புடவை மடியில் வைத்து வேலையைத் தொடங்கினேன். திருப்போரூர் வருவதற்குள் தொடை சுட்டது. காற்றுப் போகும் ஓட்டைகளைப் புடவை அடைத்திருந்தது. சூடேறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாது. (கடைக்காரர் சொல்லியிருப்பார். அங்கேயும் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன்.) சார்ஜரையும் மறந்திருந்தேன்; பேட்டரியில் ஓடினாலும் வேகம் குறையுமாம்.

மண்டபத்தில் திரைக்காரர், முடிந்ததும் ஓட்டிவிடலாம் என்று லேப்டாப்பை உடனே இணைத்துவிட்டார். மேடைக்குப் பின்னால் பிரம்மாண்டமாகச் சுமதியும் மாப்பிள்ளையும் சிரித்தார்கள். படத்துக்குக் கீழே 63%. அது நகரவே இல்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் பக்கமிருந்த பெரிய மின்விசிறியை லேப்டாப் பக்கம் திருப்பினேன். அவர்கள் வியர்த்தார்கள். எண் அசையவில்லை.

மாப்பிள்ளையின் பெரியப்பா வேடந்தாங்கல் பக்கத்து விவசாயி. துண்டால் விசிறியபடி வெகுநேரம் திரையைப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்:

"இன்னாம்மா, இப்பதான் பொருத்தம் பாத்துகினு கீறீங்களா? அறுபத்தி மூணுதான் கீது."

மண்டபமே சிரித்தது, மாப்பிள்ளையின் அம்மாவைத் தவிர. ஜாதகம் சரியாகச் சேரவில்லை என்று முதலிலிருந்தே முனகியவர் அவர். அவர் முகம் கறுத்தது.

அப்போது மாப்பிள்ளை மைக்கை வாங்கினார். "ஏறும்மா. கொஞ்சம் டைம் குடு" என்றார் தன் அம்மாவைப் பார்த்து. அந்த அம்மா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் சேகர் மாலைகளோடு வந்து என் கையில் ஒரு பென் டிரைவை வைத்தார். நான் கிளம்பியதும் அதே வீடியோவை டெஸ்க்டாப்பில் போட்டிருக்கிறார். அவர் குளித்துச் சட்டை மாற்றுவதற்குள் முடித்துவிட்டதாம். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

இன்றும் புருஷனோடு சண்டை வந்தால் சுமதி எனக்குப் போன் செய்து, "அண்ணி, இன்னிக்கு நாப்பதுதான்" என்பாள். போய்ச் சமாதானம் செய்வது என் வேலையாகிவிட்டது. போன மாதம் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாப்பிள்ளையின் அம்மா '100%' என்று மட்டும் போட்டிருந்தார்.

அதற்குக் கீழே சேகர் கேட்டிருந்தார்: "எந்தக் கம்ப்யூட்டர்ல?"