பேனலுக்குக் குளிர் எடுத்த கதை

ஒரு காட்டில், கரண்டுக் கம்பி எட்டிக்கூடப் பார்க்காத மேட்டில், கதிரேசன் என்றொரு முயல் சோலார் வீடு கட்டிக் குடியிருந்தது. கூரையில் பேனல், மூலையில் பேட்டரி, வாசலில் தோட்டம். "சூரியன் நம்ம வீட்டுக்குத்தான் வேலை பாக்குறாரு" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்ளும்.

அந்த வருஷம் பங்குனியில் குளிர் வந்தது. மார்கழிக்கு வரவேண்டியது வழி தவறி வந்து, வந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. பகலில் வெயில் அடித்தது. ஆனால் சில பேருடைய சிரிப்பு மாதிரி, அதில் சூடு இல்லை.

கதிரேசனின் கவலையெல்லாம் தக்காளி நாற்று. கையிருப்பு விதை அவ்வளவுதான்; இது கருகினால் தக்காளியை மறந்துவிட வேண்டியதுதான். நாற்றுப் பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு, ராப்பகலாக எரியவிட்டது.

"செடிக்குச் சூடு, கட்டினவளுக்கு ஜன்னியா?" என்றது அதன் சம்சாரம் அம்சவேணி.

"நடுங்கினா உடம்பு தானாச் சூடாகும். செடிக்கு நடுங்கத் தெரியாதே, பாவம்."

பக்கத்துக் குகைக் கரடி ராக்கப்பன் வந்து கூரையை அண்ணாந்து பார்த்தது.

"ஏன் தம்பி, நாத்தை இவ்வளவு தாங்குறே. சம்பாதிச்சுப் போடுற பேனலு மொட்டையா வெளிய கிடக்கே?"

"அதுக்கென்னண்ணே?"

"குளிராதா? உடம்பு பூரா மயிரோட பொறந்தவன் சொல்றேன். போர்த்தி விடு."

கதிரேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டிலிருந்த ஒரே கம்பளியைக் கொண்டுபோய்ப் பேனலுக்குப் போர்த்தி, மூலைக்கு மூலை கல் வைத்தது.

மறுநாள் பல்பு மங்கியது. அதற்கு மறுநாள் கண் சிமிட்டியது. இன்வெர்ட்டர் கீச்சுக் கீச்சென்று அழுதது. நாற்றுகள் தலையைத் தொங்கப் போட்டன.

"குளிரு உள்ள இறங்கிடுச்சு. இன்னொரு கம்பளி போடு" என்றது கரடி.

இரவல் கம்பளி கேட்க, ஆட்டு மந்தையைத் தேடிக் கதிரேசன் கிளம்பியது. அதன் தலை மறைந்ததும் அம்சவேணி கூரையேறியது. கல்லைத் தள்ளியது, கம்பளியை உருவியது, இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டது. நாற்றைப் பற்றி அது நினைக்கவே இல்லை.

"நாங்களே உடுத்தியிருக்கிறதுதான், அவுத்தா கொடுக்க முடியும்?" என்று ஆடுகள் விரட்டிவிட, சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பியது கதிரேசன். பல்பு ஜகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. நாற்றுகள் நிமிர்ந்திருந்தன. கூரையில் கம்பளியைக் காணோம்.

"அம்சவேணி, கம்பளி எங்கே?"

கம்பளிக்குள்ளிருந்து பதில் வந்தது. "குளிர்ச்சுது. எடுத்துட்டேன்."

"அடிப்பாவி! பேனலுக்கு உடம்பு தேறுற நேரமாப் பார்த்து..."

"விடு தம்பி" என்று கரடி சமாதானம் செய்தது. "இத்தனை நாள் போர்த்தி வெச்ச தெம்புலதான் இப்ப எரியுது."

தக்காளி காய்த்ததும் காடே கூடிக் கரடிக்கு மாலை போட்டது. கம்பளித் திருட்டுக்காக அம்சவேணியைக் கூட்டத்தில் பின்னால் உட்கார வைத்தார்கள். இப்போது காட்டில் எல்லார் கூரையிலும் பேனல். காற்று கொஞ்சம் சிலிர்த்தால் போதும், கூரைக்குக் கூரை கம்பளி ஏறிவிடுகிறது. காடே இருட்டு. கதிரேசன் வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது.

அம்சவேணிக்கு இன்னும் குளிர் விட்டபாடில்லை.

நீதி: குளிர்ந்தால் கம்பளியைக் கூசாமல் உருவிக்கொள்ளுங்கள், பயிரைக் காப்பாற்றும் எண்ணம் இல்லாதவர் கையால்தான் பயிர் பிழைக்கும்.