முதல் பாகத்திலேயே செத்துப்போன மாயவன்

மாயவன் செத்துப்போன சேதி மாயவனுக்கே தெரிய நாற்பத்திரண்டு பாகம் ஆனது.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் அவர். அரியலூர் வண்டி டிரைவர் ராசாங்கம்தான் ஜன்னல் வழியே தலையை நீட்டி விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"அண்ணே, ஒங்கள லாரி அடிச்சுப் போட்டுடுச்சாம்ல? எங்க வூட்டுக்காரி படிச்சுட்டு அழுவுறா."

வீட்டில் தையல் மெஷின் ஓட்டும் தன் மனைவி வெற்றிச்செல்வி, செல்போனில் ஒரு கதை ஆப்பில் தொடர்கதை எழுதுவது மாயவனுக்குத் தெரியும். யாரைப் பற்றி என்று கேட்டதில்லை. அன்றைக்குத்தான் உட்கார்ந்து படித்தார். கதாநாயகன், டிவி சீரியல் நடிகர் நிலவன். நிஜ நடிகரின் அதே பெயர், அதே மீசை. அவருடைய கார் ரஞ்சன்குடி கோட்டைக்குக் கீழே நின்றுபோகிறது. பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்கிறார். அந்த வீட்டில் ஒரு தையல்காரப் பெண். அவளுடைய புருஷன், பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர், முதல் பாகம் மூன்றாவது வரியில் சிமெண்ட் லாரியில் அடிபட்டுக் காலி. அதற்குப் பிறகு அவனைப் பற்றிப் பேச்சே இல்லை. படித்தவர்கள் பதினோராயிரம் பேர். ஒருத்தர்கூட ஒரு அனுதாபம் சொல்லவில்லை.

அன்று மதியமே வீட்டில் வழக்கு எடுக்கப்பட்டது.

"என்னை ஏன் கொன்ன?"

"ஒங்கள எங்கங்க கொன்னேன்? கதையில ஒரு டைம் கீப்பர் செத்தாரு."

"பெரம்பலூர்ல தையல்காரியக் கட்டுன டைம் கீப்பர் எத்தனை பேரு இருக்கான்?"

"நீங்க உசுரோட இருந்தா நிலவன் எப்படிங்க உள்ள வருவாரு? வாசல்லயே தண்ணியக் குடிச்சுட்டுப் போயிடுவாரு. கதை ஒரே பாகத்துல முடிஞ்சுரும்."

"அந்த ஆளுகிட்ட கேட்டியா? அவருக்குப் பொண்டாட்டி இருக்கு. பொண்ணு இருக்கு. நெசமா இருக்குற மனுசன வச்சு இஷ்டத்துக்கு எழுதலாமா?"

"தப்பா ஒண்ணும் எழுதலயே! நாப்பத்திரெண்டு பாகமா தண்ணிதாங்க குடிக்கிறாரு. கையக்கூடத் தொடல."

மாயவனுடைய கோபத்தில் நியாயம் பாதி, வயிற்றெரிச்சல் பாதி. உண்மையில் அவரைக் குத்தியது லாரிகூட இல்லை. பன்னிரண்டாம் பாகத்தில் நிலவன் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று அவளிடம் கேட்கிறார். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் மாயவன் அந்தக் கேள்வியைக் கேட்டதாக ஞாபகமே இல்லை. பஸ் ஸ்டாண்டு மைக்கில் நாள் முழுக்கப் பேசிவிட்டு வந்தால், வீட்டில் பேசத் தொண்டை எங்கே இருக்கிறது?

மறுநாள் வேலை நேரத்திலேயே ஒரு திட்டம் போட்டார். அந்த ஆப்பில் 'திருமதி நிலவன்' என்று புதுக் கணக்கு. நிஜ மனிதரை வைத்துக் கதை கட்டுவது தப்பு என்று நிரூபிக்க, நிஜ மனுஷியாகவே வேஷம் கட்டினார். அதில் இருந்த கோளாறு அவருக்கு உறைக்கவில்லை. மூன்று தடவை அடித்துத் திருத்தி எழுதினார்:

"என் கணவர் நடிப்பதைப் பார்த்துக் கைதட்டுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவரை இழுத்துக்கொண்டு போய் இன்னொரு வீட்டில் உட்காரவைக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? எங்களுக்கும் அடுப்படி உண்டு, சண்டை உண்டு, படிக்கத் தெரிந்த ஒரு மகள் உண்டு. கண்ணீருடன், திருமதி நிலவன். காலை 10.42."

பஸ் வந்த நேரம், போன நேரம் என்று இருபத்தைந்து வருஷமாக எழுதிய கை அது. எதை எழுதினாலும் கடைசியில் நேரம் போடாமல் நிற்காது. மளிகைச் சீட்டில்கூட 'துவரம்பருப்பு ஒரு கிலோ, மாலை 5.20' என்றுதான் இருக்கும்.

சாயங்காலம் வெற்றிச்செல்வி மெஷினை நிறுத்திவிட்டு போனோடு வந்தாள்.

"ஏங்க, நிலவன் சம்சாரமே எழுதியிருக்குங்க."

"அப்படியா!" என்றார் மாயவன். பச்சைக் குழந்தை தோற்றுவிடும்.

"படிச்சதுலேருந்து மனசே சரியில்லங்க. அந்தப் பொண்ணு ஒருத்தி சோத்தப் போட்டு வச்சுக்கிட்டுக் காத்திருப்பான்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்களேன். என் கதைக்காக அவளையும் இல்லாம ஆக்கிட்டேன்."

அவள் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. மாயவனுக்கு ஒரே நேரத்தில் ஜெயித்த சந்தோஷமும் திருடிய கூச்சமும் வந்தது. சந்தோஷம் கொஞ்சம் கூடுதல்.

"இனிமே சம்மதம் இல்லாம நெச ஆள எழுத மாட்டேங்க. நிலவன அனுப்பிடறேன். அந்த டைம் கீப்பரயே திரும்பக் கொண்டாந்துடட்டுமா? நீங்கதாங்க ஹீரோ. சம்மதம்னு எழுதிக் குடுங்க."

ஹீரோ! சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வதற்கு அவர் பேனாவைத் தேடி ஓடினார். 'என்னைப் பற்றி என் மனைவி நடந்ததை நடந்தபடி எழுத முழுச் சம்மதம். மாயவன். மாலை 6.35.'

அடுத்த மூன்று நாளும் மீசைக்கு மை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். நான்காம் நாள் ராசாங்கம் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"திருமதி நிலவன், அரியலூர் வண்டிய எடுக்கலாமுங்களா?"

பின்னால் நான்கு கண்டக்டர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மாயவன் நாற்பத்து மூன்றாம் பாகத்தைத் திறந்தார். நிலவன் கும்பிடு போட்டுவிட்டு மனைவி மகளிடம் போய்விட்டார். லாரியில் அடிபட்டது வேறு ஆளாம். டைம் கீப்பர் உயிரோடு திரும்பி வருகிறான். வந்தவன் பொறாமை தாங்காமல் நடிகர் மனைவி பெயரில் கண்ணீர்க் கடிதம் எழுதுகிறான். எழுதி, கீழே நேரமும் போடுகிறான். படித்தவர்கள் முப்பதாயிரம்.

ஷிப்ட் முடிந்து பறந்து வந்தார்.

"ஊரே சிரிக்குது!"

"சம்மதக் கடுதாசி பத்திரமா இருக்குங்க. நடந்தத நடந்தபடிதான் எழுதியிருக்கேன்."

"அப்ப அன்னிக்கே தெரியுமா?"

"எந்தப் பொண்டாட்டிங்க அழுவறப்ப மணி பாத்து எழுதுவா?"

"தெரிஞ்சுமா அழுத?"

"யாரு எழுதுனா என்னங்க? எழுதுனது நியாயம். அதான் நிலவன அனுப்புனேன். கடைசி வரைக்கும் படிச்சீங்களா?"

படிக்கவில்லை. படித்தார். கடைசியில் அந்த டைம் கீப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்கிறான். கதை அங்கே நிற்கிறது.

மாயவன் போனைக் கீழே வைத்தார்.

"செல்வி, நீ சாப்பிட்டியா?"

"நாலு மணிக்குக் கேக்குற கேள்வியாங்க இது?" என்றாள். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள்.

அதோடு விட்டிருக்கலாம். முப்பதாயிரம் பேர் முன்னால் போன மானம் விடவில்லை. மறுநாள் சொந்தப் பெயரிலேயே ஒரு கமெண்ட் எழுதினார்: "கதையில் வரும் டைம் கீப்பர் நான்தான். எழுதியிருப்பதில் பாதி மிகை. நான் அப்படிப்பட்டவன் அல்ல. இப்படிக்கு, மாயவன்." கை தானாக அடுத்த வரிக்கு இறங்கியது. பட்டபாடு போதும் என்று கையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். நேரம் போடவில்லை. இரண்டு தடவை சரிபார்த்துத்தான் அனுப்பினார்.

ஐந்தாவது நிமிடம் பதில் வந்தது, விக்கிரமங்கலம் கலியம்மாள் என்ற வாசகியிடமிருந்து: "இது போலி ஆளு, யாரும் நம்பாதீங்க. எங்க டைம் கீப்பரா இருந்தா கீழ நேரம் போட்டிருப்பாரு."

அதற்கு முதல் லைக் போட்டிருந்தவள் வெற்றிச்செல்வி.